இடது முழங்கால்

ராக்கப்பன் அமெரிக்கக் கால்பந்துக்குள் வந்து சேர்ந்தது கம்பம் நடப் போன இடத்தில். 2006ஆம் வருஷம், வெயில் தணிந்து குளிர் எட்டிப் பார்க்கும் மாதம். அபுதாபியின் முசஃபாவில் அவன் வேலை பார்த்த இரும்புப் பட்டறையில் மஞ்சள் பெயின்ட் அடித்த இரண்டு கோல் கம்பங்கள் தயாராகியிருந்தன. மேலே மாட்டுக்கொம்பு மாதிரி விரிந்த உயரமான கம்பங்கள். அவற்றை மைதானத்தில் நட்டு வெல்டு வைத்துவிட்டு வரும்படி ஃபோர்மேன் சேதுராமன் ஆட்களை அனுப்பினார். ராக்கப்பன் அவர்களில் ஒருவன்.

போன இடத்தில் தடித்தடியான அமெரிக்கர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தலையில் கம்பி வைத்த கவசம், தோள் இரண்டிலும் பலகை மாதிரிப் பட்டைகள். முட்டை வடிவத்தில் ஒரு பந்து. ஒருவன் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓட, மற்றவர்கள் அவன் மேல் விழுந்து மண்ணோடு அமுக்கினார்கள். ராக்கப்பன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். பாட்டுப் பாடாத கபடி என்று பட்டது அவனுக்கு.

அந்தக் கூட்டத்தில் வேட் என்று ஒருவன். செம்பட்டைத் தாடி, காளையின் பிடரி மாதிரிக் கழுத்து. பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிவந்தவன் கோட்டைத் தாண்டியும் நிற்கவில்லை. அவன் வந்த வேகத்துக்கு நேர் எதிரே, கம்பத்தின் அடியில் குனிந்து வெல்டு வைத்துக்கொண்டிருந்தான் பட்டறைக்காரன் ஒருவன். முகத்தில் கறுப்புக் கண்ணாடி மூடி இருந்ததால் அவனுக்கு எதுவும் தெரியவில்லை. கத்த நேரமில்லை. ராக்கப்பன் கடப்பாரையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான். இரண்டு கணுக்காலையும் சேர்த்துக் கட்டிப் பக்கவாட்டில் உருண்டான். வேட் மரம் சாய்ந்தது போல முகம் குப்புற விழுந்தான்.

எழுந்ததும் வேட் தன் தலைக்கவசத்தைக் கழற்றி அதனாலேயே ராக்கப்பனின் காதோரம் ஓங்கி அடித்தான். ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது. ராக்கப்பன் பின்வாங்கவில்லை. குனிந்து மறுபடியும் அதே கால்களைப் பிடித்து மறுபடியும் சாய்த்தான். அதற்குள் மற்றவர்கள் ஓடிவந்து விலக்கினார்கள். கோச் ஹாலிஸ் மட்டும் விலக்க வரவில்லை. அறுபதை நெருங்கிய நரைத்த மனிதர், கழுத்தில் விசில். சிரித்துக்கொண்டே நின்றார்.

அணிக்குப் பந்தும் ஷூவும் பேண்டேஜும் சப்ளை செய்கிறவர் கீழக்கரைக்காரரான செய்கு அலாவுதீன். ஹம்தான் தெருப் பக்கம் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். அன்று சரக்கு இறக்க வந்தவரைக் கோச் கூப்பிட்டு என்னவோ கேட்கச் சொன்னார். அலாவுதீன் பாய் ராக்கப்பனிடம் வந்து, கைக்குட்டையை நீட்டி, எந்த ஊர் என்று விசாரித்தார். முதுகுளத்தூர்ப் பக்கம் என்றதும் சிரித்துவிட்டார். “கபடியா?” என்றார். ராக்கப்பன் ஆமாம் என்று தலையசைத்தான்.

ஊர்ப்பக்கத்துப் போட்டிகளில் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. அவன் பிடித்த கால் நடுக்கோட்டுக்குத் திரும்பாது என்பார்கள். முசஃபாவுக்கு வந்த பிறகும் வெள்ளிக்கிழமைகளில் கேம்ப்புக்குப் பின்னால் இருந்த மணலில் பஞ்சாபிகளோடு ஆடிக்கொண்டுதான் இருந்தான்.

அந்த லீக்கில் நான்கே அணிகள். அபுதாபி, துபாய், மனாமா, தம்மாம். நாலு ஊர்க் கம்பெனிக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. அமெரிக்காவின் பெரிய அணிகளில் இடம் கிடைக்காதவர்களும், கிடைத்துக் கழற்றிவிடப்பட்டவர்களும் சம்பளத்துக்கு வந்து ஆடினார்கள். சீசன் பாதி ஓடியிருந்தது. மனாமா ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அபுதாபி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. அபுதாபியின் தடுப்பாட்டக்காரர்களில் ஒருவனுக்குத் தோள் இறங்கிவிட்டது, இன்னொருவனுக்குத் தாடை உடைந்துவிட்டது. புது ஆள் வர விசா தாமதமாகிக்கொண்டிருந்தது. அபுதாபி அணியை நடத்தியதும் பட்டறையை நடத்தியதும் ஒரே முதலாளி என்பதால் ராக்கப்பனை அனுப்பிவைப்பது ஒரு போன் காலில் முடிந்தது. பகலில் பட்டறை, சாயங்காலம் மைதானம். சேதுராமனுக்கு அது பிடிக்கவில்லை. கை கால் போனால் கிரைண்டர் பிடிக்க யார் வருவார்கள் என்று முணுமுணுத்தார். ராக்கப்பனுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

முதல் நாளே அது இறங்கியது. இரண்டு பக்கமும் மணல் மூட்டைகளை அடுக்கி ஒரு சந்து மாதிரி விட்டிருந்தார்கள். இந்தக் கோடியில் ஒருவன், அந்தக் கோடியில் ஒருவன். விசில் ஊதினால் ஓடிவந்து மோத வேண்டும், நிற்கிறவன் ஜெயித்தவன். ராக்கப்பனுக்கு எதிரே வேட் தானாக வந்து நின்றான். முதல் மோதலில் ராக்கப்பனுக்கு மூச்சே நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தபோது வானம் தெரிந்தது, அதற்குக் குறுக்கே வேட்டின் தாடி. எழுந்தான். மறுபடியும் விழுந்தான். ஒரு தடவை வேட் கவசத்தின் நெற்றியை விலாவில் இறக்கினான். உள்ளே ஏதோ நறுக்கென்றது. ராக்கப்பன் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம்.

நிமிர்ந்து மோதினால் செத்தோம் என்று அவனுக்குப் புரிய அன்று முழுவதும் ஆனது. மறுநாள் விசில் ஊதியதும் அவன் மோதப் போகவில்லை. மண்ணோடு மண்ணாகத் தாழ்ந்து போய் வேட்டின் முழங்காலுக்குக் கீழே தோளைக் கொடுத்துக் கையால் பூட்டுப் போட்டான். வேட் மூட்டைகளின் மேல் விழுந்தான். எழுந்தவன் விசிலுக்குப் பிறகும் ராக்கப்பனின் முதுகில் முழங்காலால் ஊன்றி அவன் முகத்தை மண்ணில் தேய்த்தான். கோச் அதையும் தடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற அலாவுதீன் பாயிடம் மட்டும் ஏதோ சொன்னார். பாய் வந்து, இனி ஆட்டத்தின் சட்டமெல்லாம் நீ படிக்க வேண்டாமாம், பந்தைப் பார்க்கவே வேண்டாமாம், கை காட்டுகிற ஆளைப் பிடித்தால் போதுமாம் என்றார்.

சட்டத்தில் அவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து கை மாறும். கடைசி வாய்ப்புகளில், கொஞ்ச தூரமே பாக்கி இருக்கும்போது, எதிரி தன் பலமான ஓட்டக்காரனை நம்பித்தான் இறங்குவான். அப்போது மட்டும் ராக்கப்பன் உள்ளே போவான்.

ஊரில் இருந்த மனைவி நாகஜோதியிடம் போனில் பேசும்போது இதைச் சொன்னான். முட்டை மாதிரி ஒரு பந்து இருக்கும், அதை விட்டுவிட்டால் மிச்சமெல்லாம் கபடிதான் என்றான். அவள், குரல் ஏன் இப்படி இழுத்து இழுத்து வருகிறது என்று கேட்டாள். விலா வலி என்று சொல்லாமல் சளி என்றான்.

மனாமாவோடு ஆட்டம் மனாமாவிலேயே நடந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல். அன்று காலை ஹோட்டலில் கோச் ஹாலிஸ் ராக்கப்பனையும் அலாவுதீன் பாயையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். சாமான்களோடு பாயும் கூடவே வந்திருந்தார், ராக்கப்பனுக்கு வாயும் காதும் அவர்தான். கோச் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ராக்கப்பனை எதிர் நாற்காலியில் உட்காரவைத்து, குனிந்து, ஒரு விரலால் அவனுடைய இடது முழங்காலை இரண்டு தடவை தட்டினார். பிறகு மெதுவாகப் பேசினார். பாய் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“என்ன பாய் சொல்றாரு?” என்றான் ராக்கப்பன்.

“மனாமா டீம்ல கர்ட்டிஸ்னு ஒரு ஓட்டக்காரன் இருக்கான்ல, அவனப் பத்திச் சொல்றாரு தம்பி. அவனுக்கு இடது முழங்கால்ல முன்னாடி ஆபரேஷன் ஆயிருக்காம். இவருதான் காலேஜ்ல அவனுக்குக் கோச்சாம். ஆஸ்பத்திரியில அவன் கட்டிலு பக்கத்துலயே உக்காந்திருந்தவராம்.” பாய் கோச்சை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “அந்தக் கால்ல விழுந்து முறுக்கிவிடச் சொல்றாரு. அதுக்கப்புறம் அவன் எந்திரிக்கக் கூடாதாம்.”

“அது ஃபவுல் இல்லையா?”

“நானும் கேட்டேன். ஆள் மேல ஆள் கெடக்கும்போது யாரு கண்டாங்கிறாரு.”

ராக்கப்பன் கோச்சைப் பார்த்தான். அவர் முகத்தில் கோபமோ வெறியோ இல்லை. எந்த போல்ட்டை எத்தனை சுற்று முறுக்க வேண்டும் என்று சேதுராமன் சொல்லும்போது இருக்கிற மாதிரி நிதானமாகத்தான் இருந்தார்.

“நீங்க என்ன சொல்றீங்க பாய்?”

“நான் என்னத்தச் சொல்ல. அவரு சொன்னத ஒளிக்காமச் சொல்லிட்டேன். கை உன்னோடது.”

கோச் சம்மதமா என்பது போலப் புருவத்தை உயர்த்தினார். ராக்கப்பன் தலையை ஆட்டினான். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், கேட்டுக்கொண்டேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு ஆட்டல். கோச் அவன் தோளைத் தட்டி அனுப்பிவைத்தார்.

மைதானத்தில் ஒரு பக்கம் பூராவும் அமெரிக்கர்கள், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் கம்பி வேலியோரம், மனாமாவின் குதைபியா பேட்டையிலிருந்து வந்த நம் ஆட்கள். தமிழர்கள், மலையாளிகள், கொஞ்சம் ஆந்திராக்காரர்கள். அபுதாபி அணியில் ஒரு தமிழன் ஆடுகிறான் என்ற செய்தி கடை கடையாகப் பரவி, லீவு நாளைச் செலவழிக்க வந்து நின்றிருந்தார்கள். ராக்கப்பனின் பெரிய தலைக்கவசத்தைப் பார்த்து முதலில் சிரித்தார்கள்.

கர்ட்டிஸை அவன் அப்போதுதான் முதல்தடவை பார்த்தான். கறுத்த, அகலமான ஆள். உயரம் அதிகமில்லை. இடது முழங்காலில் கறுப்புப் பட்டை. ஓட ஆரம்பித்தால் வளைந்து நெளிந்தெல்லாம் போவதில்லை, எதிரில் நிற்பவனைத் துளைத்துக்கொண்டு நேராகப் போவான். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவன் முழங்கை பட்டு ஒருவனின் உதடு கிழிந்து தொங்கியது. இன்னொருவன் அவன் மார்பில் மோதித் தெறித்து விழுந்து, எழுந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் எதிரி அணியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். மனாமா சுலபமாக ஏழு புள்ளி எடுத்தது.

ராக்கப்பனை உள்ளே அனுப்பினார்கள். முதல் தடவை கர்ட்டிஸ் உள்ளங்கையை அவன் தொண்டையில் வைத்துத் தள்ளினான், ராக்கப்பன் மல்லாந்தான். அடுத்த தடவை இடுப்பைப் பிடித்தான், கர்ட்டிஸ் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனான். மூன்றாம் தடவை தாழ்ந்து போய் இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பூட்டினான். கர்ட்டிஸ் விழுந்தான். வேலியோரத்தில் திடீரென்று ஒரு சத்தம். யாரோ ஒருவன் கபடி, கபடி என்று ஆரம்பிக்க, மொத்தக் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே சொல்ல ஆரம்பித்தது. கர்ட்டிஸ் எழுந்து, வேலிப்பக்கம் பார்த்து, சிரித்து, ராக்கப்பனுக்குக் கையை நீட்டித் தூக்கிவிட்டான். ஏதோ சொன்னான். நல்ல வார்த்தை என்று மட்டும் தெரிந்தது.

இடைவேளையின்போது மனாமா ஏழு, அபுதாபி மூன்று. கோச் ராக்கப்பனின் கவசக் கம்பியைப் பிடித்து இழுத்து முகத்தோடு முகம் வைத்து என்னவோ கேட்டார். பாய் மொழிபெயர்க்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

அது நடந்தது இடைவேளை முடிந்த பிறகு, ஆட்டத்தின் நாலு பகுதிகளில் மூன்றாவதில். மனாமாவுக்குப் பாக்கி இருந்தது கொஞ்ச தூரம். பந்து கர்ட்டிஸிடம் வந்தது. இரண்டு பேரை உதறிவிட்டு அவன் ராக்கப்பனுக்கு நேரே வந்தான். தாழ்ந்து பாய்ந்த ராக்கப்பனின் கண்ணுக்கு எதிரே, கைக்கு எட்டும் தூரத்தில், அந்தக் கறுப்புப் பட்டை. ஒரு முறுக்கு போதும். அது அவனுக்குத் தெரியும், அந்த முறுக்கு அவன் கைக்கும் தெரியும். வேண்டாம் என்று தலையைத் திருப்பி வலது காலுக்குப் போனான். முழங்காலுக்குக் கீழே தோளைக் கொடுத்துப் பூட்டினான். கர்ட்டிஸ் வலிக்கிற காலைக் காப்பாற்ற மொத்த பாரத்தையும் எப்போதும் வலது காலில்தான் போடுவான் என்பது ராக்கப்பனுக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து வேட் கர்ட்டிஸின் முதுகில் வந்து விழுந்தான். ஊன்றிய கால் நகர வழியில்லாமல் பூட்டுக்குள் நின்றது.

காய்ந்த மூங்கிலை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருகிற சத்தம். ராக்கப்பன் அதைக் காதால் கேட்பதற்கு முன்பே தோளில் உணர்ந்தான். உடனே கையை விட்டான். விட்டதற்கும் அலறலுக்கும் நடுவில் அவனுக்குள் ஒரு குதூகலம் ஓடியது. இவனைச் சாய்த்துவிட்டேன் என்ற குதூகலம். அதற்குப் பிறகுதான் அலறல் வந்தது. பாதம் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. காலுறையைத் துளைத்துக்கொண்டு வெள்ளையாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. வேலியோரம் கபடி நின்றுபோனது.

கர்ட்டிஸை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோன பிறகு ஆட்டம் ஆட்டமாக இல்லை. மனாமாக்காரர்களுக்குப் பந்து மறந்துவிட்டது. அடுத்த குவியலில் ராக்கப்பன் அடியில் மாட்டினான். கவசக் கம்பிக்குள் ஒரு விரல் நுழைந்து அவன் கண்ணைத் தோண்டியது. இன்னொருவன் அவனுடைய வலது கையை மண்ணில் பரப்பிவைத்து, ஆணி வைத்த ஷூவால் கட்டைவிரலின் மேல் ஏறி நின்று திரும்பினான். விலாவில் அடி விழுந்துகொண்டே இருந்தது. நடுவர்கள் ஃபவுல் என்று மஞ்சள் துணியை வீசினார்கள், விசிலை ஊதினார்கள், யாரும் கேட்கவில்லை. ராக்கப்பன் அலறவில்லை. கண்ணைத் தோண்டியவனின் கவசம் கழன்ற முகம் பக்கத்தில் வந்தபோது தன் நெற்றிக் கவசத்தை இழுத்து அவன் வாயில் இறக்கினான். அவன் பல்லைத் துப்பினான். ராக்கப்பன் இன்னொரு தடவை இறக்கினான். வேட் வந்து இரண்டு பேரைக் காலைப் பிடித்து இழுத்து எறிந்துதான் அவனை வெளியே எடுத்தான். இத்தனை நாள் தன்னை மிதித்தவன் தனக்காக மற்றவர்களை மிதிப்பதை ராக்கப்பன் ஒரு கண்ணால் பார்த்தான். இன்னொரு கண் வீங்கி மூடியிருந்தது.

கர்ட்டிஸ் இல்லாத மனாமா திணறியது. அபுதாபி ஏழு புள்ளி எடுத்து முன்னே வந்தது. பத்துக்கு ஏழு. கடைசியில் மனாமா அபுதாபியின் எல்லைக் கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது, கையில் ஒரே ஒரு வாய்ப்பு. மாற்று ஓட்டக்காரன் குவியலுக்கு மேலே தாவினான். ராக்கப்பனின் கட்டைவிரல் அப்போது கையில் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். விரலால் பிடிக்க முடியாதென்று இரண்டு முழங்கையையும் அவன் இடுப்பில் கோத்து, தொங்கி, கீழே இழுத்தான். கோடு தாண்டவில்லை. விசில்.

ஒன்றிலும் ஜெயிக்காத அணி ஒன்றிலும் தோற்காத அணியை, அதன் சொந்த மைதானத்திலேயே சாய்த்துவிட்டது. குதைபியா ஆட்கள் வேலியைப் பிடித்து உலுக்கினார்கள். வேட் ராக்கப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டான். கோச் ஓடிவந்து கட்டிப்பிடித்து, ஆட்டத்தில் ஆடிய பந்தை அவன் கையில் திணித்தார். காதருகே சொன்னதை ராக்கப்பனே புரிந்துகொண்டான். குட் பாய் என்றார். ராக்கப்பன் வேட்டின் தோளிலிருந்து இறங்கி, நாலடி நகர்ந்து, கவசத்தைக் கழற்றுவதற்குள் வாந்தி எடுத்தான்.

“பாய், அவரு சொன்னத நான் செய்யல” என்றான் அலாவுதீன் பாயிடம். “போய் அவருகிட்டச் சொல்லுங்க.”

பாய் அவன் கையில் ஐஸ் பையை வைத்துக் கட்டிக்கொண்டே, இப்போது வேண்டாம் என்றார். ஜெயித்த சந்தோஷத்தில் இருக்கிறார்கள், இதெல்லாம் யார் காதிலும் ஏறாது என்றார்.

மறுநாள் காலை விமானத்துக்கு முன்னால் ராக்கப்பன் ஆஸ்பத்திரிக்குப் போயே தீரவேண்டும் என்று நின்றான். அவன் கைக்கும் அங்கேதான் மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். பாய் வேண்டா வெறுப்பாகக் கூட வந்தார். அறை வாசலில் மனாமா அணிக்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ராக்கப்பனைக் கண்டதும் எழுந்து சட்டையைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து மோதினான். உள்ளேயிருந்து கர்ட்டிஸின் குரல் வந்தது. அவன் விட்டுவிட்டான்.

கர்ட்டிஸின் கால் கம்பிகளோடு உயரத்தில் தொங்கியது. முகம் வீங்கி, ஒரே இரவில் கிழடு தட்டியிருந்தது. ராக்கப்பன் கட்டிலருகே நின்றான். கர்ட்டிஸ்தான் முதலில் கேட்டான். பாய் சொன்னார்:

“கால ஒடிக்கச் சொல்லித்தான் உன்ன உள்ள அனுப்பி வச்சாங்களான்னு கேக்குறாரு.”

“சொன்னாங்க பாய். எடது முழங்கால முறுக்கச் சொன்னாங்க. அத அப்படியே சொல்லுங்க. நான் அதுக்குப் பயந்துதான் வலது காலுக்குப் போனேன். வேணும்னு ஒடிக்கல. ஆனா ஒடிஞ்சது என் பிடியிலதான்.”

பாய் சொல்லச் சொல்ல கர்ட்டிஸ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது முழங்கால் என்ற இடத்தில் மட்டும் தலையைத் திருப்பினான். யார் சொன்னது என்று அவன் கேட்கவில்லை. அந்தக் காலுக்கு ஆபரேஷன் ஆன கதை இந்த வளைகுடாவில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த மனிதர் தன் கல்யாணத்தில் அப்பா ஸ்தானத்தில் நின்றவர் என்றான். பிறகு கையை நீட்டி, மாவுக்கட்டிலிருந்து வெளியே தெரிந்த ராக்கப்பனின் விரல்களைப் பிடித்தான். பிடித்தான் என்றால் நசுக்கினான். ராக்கப்பனுக்குக் கண்ணில் பொறி பறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுக்காமல் நின்றான். கர்ட்டிஸின் பிடி தானாகத் தளர்ந்தது. அதற்குப் பிறகு அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அபுதாபி திரும்பிய பிறகு முதல் பயிற்சி. கோச் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, ராக்கப்பனை நடுவில் நிறுத்தி, இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி என்னவோ பேசினார். கைதட்டினார்கள். ராக்கப்பன் பாயைத் திரும்பிப் பார்த்தான்.

“இப்பச் சொல்லுங்க பாய். எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லுங்க.”

அலாவுதீன் பாய்க்கு அந்த அணி பெரிய வாடிக்கை. கொஞ்சம் யோசித்தார். கையிலிருந்த பேண்டேஜ் பெட்டியைக் கீழே வைத்தார். ஹோட்டல் அறையில் கேட்டதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷில் சொன்னார். எந்தக் கால், எந்த ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார், எல்லாம்.

அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவனும் தோளிலோ முதுகிலோ முட்டியிலோ ஒரு பழைய காயத்தை வைத்திருந்தான். ஒவ்வொருவனும் அதைக் கோச்சிடம் நம்பிச் சொல்லியிருந்தான். வேட் எழுந்து கோச்சுக்கு எதிரே போய் நின்றான். அவனுக்குக் கழுத்தில் இரண்டு எலும்பைச் சேர்த்து வைத்திருந்தார்கள் என்று பாய் பிறகு சொன்னார். இது உண்மையா என்று வேட் ஒரே ஒரு கேள்வி கேட்டான். கோச் தோளைக் குலுக்கினார். ஜெயித்தோமா இல்லையா என்று திருப்பிக் கேட்டார்.

வேட்டின் முதல் குத்து கோச்சின் மூக்கில் விழுந்தது. நரைத்த தலை பின்னால் போய் மணல் மூட்டையில் இடித்தது. உதவிக் கோச் குறுக்கே வந்தான், அவன் தொண்டையில் ஒன்று வாங்கி மண்டியிட்டான். கோச்சின் பக்கம் நின்றவர்களும் இருந்தார்கள், அவர்கள் வேட்டின் மேல் விழுந்தார்கள். கவசம் இல்லாமல், பந்து இல்லாமல், விசில் இல்லாமல் சொந்த அணிக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். வேட்டைக் கீழே தள்ளி, அவன் கழுத்தை மிதிக்க ஒருவன் காலைத் தூக்கினான். ராக்கப்பன் தூக்கிய காலை அப்படியே பிடித்தான். மாவுக்கட்டுப் போட்ட கையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு உருண்டான். கட்டு நொறுங்கியது. வாட்ச்மேன்கள் வந்து பிரிக்கும்வரை அவன் அந்தக் காலை விடவில்லை.

முதலாளி வீட்டுப் பையன் ஒருவன் மறுநாள் வந்து விசாரித்தான். கோச் ஹாலிஸ் மூக்கில் பிளாஸ்டரோடு ஊருக்கு விமானம் ஏறினார். ஜெயித்த ஆட்டம் ஜெயித்ததாகவே இருந்தது, யாரும் அதைத் தொடவில்லை. ராக்கப்பன் மீண்டும் பட்டறைக்கே போனான். சேதுராமன் அவன் கையைப் பார்த்துவிட்டு ஒன்றும் திட்டவில்லை. பெயின்ட் அடிக்கிற வேலையில் போட்டார், அதை இடது கையால் செய்யலாம். கர்ட்டிஸ் இனி ஓட முடியாது என்றும், ஊன்றுகோலோடு ஊருக்குப் போய்விட்டான் என்றும் பாய் வந்து சொன்னார். அன்று ராக்கப்பன் சாப்பிடவில்லை. நாகஜோதியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னான், அந்தக் குதூகலத்தை மட்டும் சொல்லவில்லை. அவள், கை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

கட்டுப் பிரித்த வாரம் வேட் பட்டறை வாசலில் வந்து நின்றான். கோச் இல்லாமல் அவன்தான் அணியைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தான். பாயைக்கூடக் கூட்டி வரவில்லை. கையால் இரண்டு கணுக்காலைப் பூட்டுவது போலக் காட்டினான். பிறகு ராக்கப்பனை நோக்கி விரலை நீட்டினான். ராக்கப்பன் தன் கட்டைவிரலைக் காட்டினான். அது பக்கவாட்டில் வளைந்தே கூடியிருந்தது. வேட் தன் கழுத்துத் தழும்பைத் திருப்பிக் காட்டினான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

தம்மாமோடு கடைசி ஆட்டம். முதல்தடவை உள்ளே போனபோது ஓட்டக்காரன் நேரே வந்தான். ராக்கப்பன் தாழ்ந்தான். கண் தானாக முழங்கால்களைத் தேடியது, எது நல்லது, எது கெட்டது என்று. அந்த ஒரு நொடித் தயக்கத்தில் தம்மாம்காரன் அவன் மார்பில் ஏறி மிதித்துக்கொண்டு போனான். மூச்சு வாங்கிக் கிடந்தவனை வேட் கையைப் பிடித்துத் தூக்கிக் கவசத்தில் ஓங்கித் தட்டினான்.

இரண்டாம் தடவை ராக்கப்பன் தயங்கவில்லை. மண்ணோடு போய்த் தோளைக் கொடுத்து இரண்டு கால்களையும் சேர்த்துப் பூட்டினான். தம்மாம்காரன் தொம்மென்று விழுந்தான். மற்றவர்கள் அடுத்த வாய்ப்புக்கு வரிசை கட்டப் போய்விட்டார்கள். வேட் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ராக்கப்பன் விழுந்தவன் எழுந்து, இரண்டு காலையும் ஊன்றி, நாலடி நடக்கும்வரை அங்கேயே நின்றுவிட்டுத்தான் நகர்ந்தான்.